எதிர் அறையில் பியானோ

பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தவர்களுக்கு இது தெரியும்: கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது நம் பீரியட்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதே பள்ளிக்கு இன்னொரு பாட்டு டீச்சர் வந்து, அவளை எல்லோருக்கும் பிடித்தும் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? எழுபதுகளின் கடைசியில், டெல்லியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆரம்பப் பள்ளியில் எனக்கு அதுதான் நடந்தது.

வந்தவள் பெயர் ஃபிலோமினா. கோவாக்காரி, என்னைவிட ஆறு வயது இளையவள். மரியாதையாக எழுதத்தான் பார்க்கிறேன், பேனா ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. என் மகள் சுதா எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பு படித்தாள். நான்காவதுக்குப் போகும்போது இந்திய சங்கீதமா, மேற்கத்திய சங்கீதமா என்று பிள்ளைகள் எழுதித் தர வேண்டும். ஊரில் யார் எதை எழுதினாலும் சரி, சுதா என் வகுப்புக்கு வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கைப்பிடி

ஃபிலோமினாவுக்காகப் பியானோ வாங்கினார்கள். எட்டுப் பேர் மூச்சுவாங்கத் தூக்கிவந்து, நேராக என் அறையில் இறக்கினார்கள். பள்ளியிலேயே ஒழுங்காக மின்விசிறி சுற்றிய ஒரே அறை அது. என் ஹார்மோனியம் எதிரே இருந்த விளையாட்டுச் சாமான் அறைக்குப் போனது. ஒரு பக்கம் கால்பந்துகள், ஒரு பக்கம் ஸ்கிப்பிங் கயிறுகள், நடுவில் நானும் ஸரளி வரிசையும்.

தலைமை ஆசிரியை சிஸ்டர் தூத்துக்குடிக்காரர். நம்மூர்க்காரராயிற்றே, நியாயம் சொல்வார் என்று ஓடினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்க பெட்டிக்குக் கைப்பிடி இருக்குல்லா டீச்சர்? அதுக்குக் கெடையாதே!"

வரிசை

பெற்றோர் வந்து ஆசிரியர்களைப் பார்க்கும் நாள். ஃபிலோமினாவின் மேஜை முன்னால் சரோஜினி நகர் மார்க்கெட்டில் தள்ளுபடி போட்டதுபோலக் கூட்டம். என் மேஜைமேல் ஓர் ஈ. கடைசியில் ஒரு பஞ்சாபி அம்மாள் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவர் பையனுக்கு என்ன குரல், என்ன ஞானம் என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியை எல்லாம் திரட்டி ஐந்து நிமிஷம் புகழ்ந்தேன். அந்தப் பையன் வாயைத் திறந்தே நான் பார்த்ததில்லை. பெருமிதத்தோடு கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று என் ஹார்மோனியத்தைக் கவனித்தார். "அச்சா... ஆப் பியானோவாலி மிஸ் நஹீன் ஹைன்?" அதாவது, பியானோ மிஸ் நீங்கள் இல்லையா?

பிஷப் வந்தார்

பிஷப் வரப்போகும் நேரம் பார்த்து ஃபிலோமினா லீவில் ஊருக்குப் போயிருந்தாள். ஆங்கிலத் துதிப்பாடலை நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலை எனக்கு வந்தது. சந்தோஷத்தில் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பியானோவே வேண்டாம், என் பிள்ளைகள் காலப்பிரமாணம் பிசகாமல் பாடிக் காட்டுவார்கள் என்று வைராக்கியம். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆதி தாளம். தொடையில் ஒரு தட்டு, விரலில் மூன்று எண்ணிக்கை.

அன்று பள்ளியின் மாதா கோயிலில், பிஷப் முன்னால் நாற்பது பேரும் கைகூப்பி நின்றார்கள். பாட்டுத் தொடங்கியதுதான் தாமதம், கைகள் பிரிந்து, நாற்பது தொடையிலும் ஒரே நேரத்தில் 'பட்'! எங்கள் கச்சேரிகளில் மேடையிலேயே தாளம் போடுவார்கள் அல்லவா, கோயிலுக்குள் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. காலையில்தான் ஊரிலிருந்து திரும்பியிருந்த ஃபிலோமினா பக்கத்தில் இருந்தாள். அவள் சிரிக்கவில்லை, என் கையை ஆதரவாகப் பிடித்துக்கொண்டாள். சிரித்திருந்தாலாவது மனதார வெறுத்திருப்பேன். பாட்டு முடிந்ததும் பிஷப் சிஸ்டர் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தக் குளிரிலுமா இங்கே இவ்வளவு கொசு?"

படிவம்

மார்ச்சில் படிவம் வந்தது. அதற்குள் சுதாவைத் தினமும் காலையில் உட்கார்த்திவைத்து ஸரளி வரிசையிலிருந்து அலங்காரம் வரை கொண்டுவந்திருந்தேன். எதை எழுதுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, கையெழுத்துக்காக நீட்டினாள். 'மேற்கத்திய சங்கீதம்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

அந்த ஃபிலோமினாவிடம் அப்படி என்ன இருக்கிறது, பியானோவா, சாக்லேட்டா, குட்டைப் பாவாடையா என்று கத்தினேன். சுதா அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ்கிட்ட தப்பாப் பாடினா அது ஸ்கூல்லயே முடிஞ்சிடும்மா. உன்கிட்ட தப்பாப் பாடினா அது வீட்டுக்கும் கூட வருது."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதுவரை காரணமில்லாமல் பட்டுக்கொண்டிருந்த பொறாமையை, மறுநாளிலிருந்து தக்க காரணத்தோடு படத் தொடங்கினேன்.