ராகு காலத்துக்குத் தப்பிய கம்ப்யூட்டர்

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. கோரிப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் இருந்தேன். அந்தக் கடைக்கு உசிலம்பட்டியிலும் வண்டியூரிலும் கிளைகள் உண்டு. மூன்று கடைகளின் இருப்பையும் ஒன்றாகக் காட்டும் சாஃப்ட்வேர் நான் எழுதியது. ஒரே மருந்துக்கு இரண்டு கடைகளிலிருந்து பதிவு வந்தால், எதன் நேரம் பிந்தியதோ அதுவே செல்லும்.

ஐஸ் டப்பாவோடு ஓர் அம்மா வந்தார். கணவருக்குச் சாயங்காலத்துக்குள் போட்டாக வேண்டிய ஊசி மருந்து. கோரிப்பாளையத்தில் ஒன்று இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டியதால், உசிலம்பட்டிக் கடையில் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் திரையிலும் ஒன்று என்றுதான் இருந்தது. ஃப்ரிட்ஜில் இல்லை. காலையிலேயே விற்று, பில்லும் போட்டாகிவிட்டது.

"இருக்குன்னு சொல்லித்தானே அனுப்புனாக? இனி நான் எங்கிட்டுப் போவேன்?" என்றார். கடையே என்னை முறைத்தது.

பதிவுகளைத் தோண்டினேன். நாங்கள் விற்பதற்குக் கொஞ்சம் முன்புதான் உசிலம்பட்டியில் யாருக்கோ எங்கள் கடையிலிருந்த அந்த ஊசியை ஒதுக்கி, ரத்தும் செய்து, 'ஒன்று இருக்கிறது' என்று பதிந்திருந்தார்கள். அந்தப் பதிவில் இருந்ததோ, அது வந்து சேர்ந்தபோது இன்னும் பிறக்காத நேரம். அதனால் எங்கள் விற்பனையைப் பழைய செய்தி என்று கணக்கு ஒதுக்கிவிட்டது.

உசிலம்பட்டியில் உட்காரும் முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, உங்க சிஸ்டத்துல மணி அரை மணி நேரம் முன்னாடி ஓடுதே?"

"நான்தாம்மா தள்ளி வச்சேன். திங்கக்கெழம காலைல ராகு காலம்ல? மொத பில்ல அதுலயா போடச் சொல்ற?"

"நெட்டுல பாத்து மணி தானா சரியாகிருமேண்ணே!"

"அதையும் அமத்திப்புட்டேன். சும்மா சும்மா பழைய மணிக்கே போகுது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை உடைத்திருப்பேன். பக்கத்தில் அந்த அம்மா நின்றதால் அடக்கிக்கொண்டு வண்டியூருக்குப் பேசினேன். "திரையப் பாக்காதீக. ஃப்ரிட்ஜத் தெறந்து கண்ணால பாத்துச் சொல்லுங்க."

அங்கே ஒன்று இருந்தது. அந்த அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்து, உசிலம்பட்டி பஸ்ஸில் உட்கார வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். முதலாளிக்குச் சொன்னால், "பாத்தியாம்மா, நல்ல நேரத்துல மொத பில்லு போட்டோம், மருந்து கெடச்சிருச்சு" என்கிறார்! இந்த மனிதரிடம் என்ன பேசுவது?

இப்போது மூன்று கடைகளும் ஒரே சர்வரிடம் நேரம் கேட்கின்றன. மணி பிசகினால் பில் திறக்காது. திங்கட்கிழமைகளில் முதலாளி ராகு காலம் முடிந்த பிறகுதான் கடையே திறக்கிறார். என் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் எந்தத் திரையில் மணியைப் பார்த்தாலும், திரையை நம்பி ஐஸ் டப்பாவோடு பஸ் ஏறிய அந்த அம்மாதான் கண்முன் வருகிறார்.