புகார் கொடுத்துக் கடை பிடித்தவர்

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் போவது சரக்கின் மேல் அல்ல. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் மேசை எந்த மூலையில் இருக்கிறது என்பதன் மேல்தான். அது கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவார். "விக்கிறப்ப பல்லைக் காட்டாத கடை உண்டா? திருப்பிக் குடுக்கிறப்ப மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்" என்பது கவுன்ட்டர் அக்காவின் வணிக சாஸ்திரம்.

சொல்லும் தகுதி அவருக்கு உண்டு. பெரிய துணிக்கடை ஒன்றின் புகார்க் கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர். ஒரு முறை துவைத்த சட்டையை மூக்காலும், மூன்று முறை துவைத்ததை விரல் நுனியாலும், கல்யாணத்துக்குப் போய்வந்ததை அக்குள் தையலாலும் கண்டுபிடிப்பார்.

வேலையை விட்ட பிறகு அவர் கையில் எடுத்த தொழில், நாற்காலிக் கால்களுக்குக் கம்பளியில் உறை பின்னுவது. உறை போட்ட நாற்காலியை இழுத்தால் தரை கீறாது; கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு ஏறி வரமாட்டார். ஒரு நாற்காலிக்கு நான்கு கால் என்ற வகையில் உலகமும் அவருக்கு ஒத்துழைத்தது. எட்டு மாதத்தில் முந்நூறு பொட்டலங்கள் மகளின் பழைய அறையைக் கூரை வரை அடைத்துக்கொண்டன.

இனி இணையத்தில் விற்க வேண்டியதுதான். எந்தத் தளத்தில் என்பதில்தான் அக்காவுக்கு உதறல். தப்பான இடத்தில் கடை விரித்தால், எட்டு மாதப் பின்னலும் ஏமாற்றுப் பேர்வழிகள் வீட்டு நாற்காலிகளுக்கு ஓசியில் போய்ச் சேரும். அந்தப் பேர்வழிகளை அவர் முகம் முகமாக அறிவார்.

மாப்பிள்ளை மூன்று தளங்களின் கட்டணம், கமிஷன், சலுகை எல்லாவற்றையும் அட்டவணை போட்டு அனுப்பினார். "பச்சை கலர் அடிச்சிருக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்குங்க அத்தை."

"கண்ணை மூடுற வயசு இன்னும் வரலை மாப்பிள்ளை" என்று போனை வைத்தார்.

பிறகு மூன்று தளங்களிலும், வேறு யார் யாரோ பின்னிய உறைகளை, தன் வீட்டு நாற்காலிக்குச் சரியான அளவு பார்த்து, தளத்துக்கு ஒரு செட் வாங்கினார். மூன்றும் அருமையான சரக்கு. மூன்றின் பேரிலும் 'கால் நுழையவில்லை' என்று ஒரே பொய்ப் புகாரை அனுப்பினார்.

பெரிய தளம் நாலே நிமிடத்தில் பணத்தைத் திருப்பியது. உறையையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரான அக்காவின் வீட்டுக்காரர் உருகிப்போனார். "இவ்வளவு தங்கமானவனா இருக்கானே. இவன்கிட்டயே சேந்துடேன்."

"பின்னினவளை ஒரு வார்த்தை கேட்டானாங்க? நாளைக்கு என்னை மாதிரி ஒரு கேடி வந்தா, என் சரக்கையும் இப்படித்தான் தாரை வார்ப்பான்."

இரண்டாவது தளம், மாத வாடகைக்குத் தனிக்கடை அமைத்துத் தருவது. அங்கே புகாருக்குப் பதில் எழுதும் ஓர் இயந்திரம் பதினொரு முறை மன்னிப்புக் கேட்டது. "மன்னிப்பு கேக்குறான், விஷயத்தைக் கேக்க மாட்டேங்குறான்" என்று அதற்கும் கோடு கிழித்தார்.

மூன்றாவது, கைவேலைப் பொருள்களுக்கு மட்டுமான சின்னத் தளம். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. 'அளவு படத்துக்குக் கீழேயே இருக்கிறது, அம்மா. உங்கள் நாற்காலிக் காலில் ஸ்கேல் வைத்துப் படம் அனுப்புங்கள். பின்னியவரையும் விசாரித்தேன். விளிம்பைச் சுருட்டிவிட்டு மாட்டினால் நுழையும் என்கிறார். அளவு சரியாக இருந்தால் திருப்பி எடுக்க மாட்டோம்.'

"வசமா மாட்டிக்கிட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"மாட்டிக்கிட்டேங்க." மகள் பரீட்சையில் தேறிய செய்தியைக் கேட்ட முகம் அது.

"சந்தோஷத்தைப் பாரு. பொய்ப் புகார் குடுத்தவளுக்கு அவன் எப்படிக் கடை குடுப்பான்?"

அக்காவின் முகம் கொஞ்சம் இறங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் இப்படிப் பிடிபட்ட ஒருவரையும் அவர் சும்மா அனுப்பியதில்லை. ஆனாலும் உட்கார்ந்து எழுதினார்: 'கால் நுழைகிறது. உங்களைச் சோதிக்கப் பொய் சொன்னேன். பின்னியவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். இந்த மாதிரி ஓர் இடத்தில்தான் கடை போட ஆசை. நானும் உறை பின்னுகிறவள்.'

மறுநாள் காலை பதில் வந்தது. 'சொன்னேன். சிரித்தார். கடை போடலாம். ஆனால் உங்கள் வாய்வார்த்தையை மட்டும் நம்புவதாக இல்லை. நீங்கள் பின்னிய உறையைக் காலில் மாட்டி, ஸ்கேலோடு படம் அனுப்புங்கள்.'

"திமிரைப் பாத்தியா?" என்றார் வீட்டுக்காரர்.

அக்கா அதற்குள் போனும் ஸ்கேலுமாகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் முட்டி போட்டிருந்தார். தன் பின்னலை நாற்காலிக் காலில் மாட்டி, எண்கள் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தார். பிறகு, தன் நிழல் அதன் மேல் விழாதபடி தலையை நன்றாகத் தாழ்த்திக்கொண்டார்.