வேன் அக்காவின் முன் சீட்

பள்ளி வேன் ஓட்டும் அவளை எங்கள் பிள்ளைகள் ‘வேன் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் எங்களுக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது. அத்தனை வாண்டுகளையும் ஏற்றிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. பின்னால் யாராவது கைகலப்பில் இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி, ஆளைக் கூப்பிட்டு முன் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவாள். கூட்டாளிகளை விட்டுவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்? இரண்டு நாளில் வழிக்கு வந்துவிடும்.

வராதது அவள் பெற்ற பெண் மட்டும்தான்.

ஏழு வயது. வீட்டில் பெயர் கடுகு. சூடு பட்டதும் வெடிப்பதால் அப்பா வைத்தது. கைக்குழந்தையிலேயே அப்படித்தான். காலர் லேபிள் உறுத்தினால் அலறல், தட்டு மாறினால் அரை மணி நேர அழுகை. அண்ணன்காரன் நேர்மாறு, ஒரு முறைப்பு போதும். வேன் அக்கா பிள்ளை வளர்க்கப் பழகியது அவனிடம்தான். அதே முறைப்பைக் கடுகிடம் காட்டினால், அவள் இன்னும் பெரிதாகத் திருப்பி முறைப்பாள்.

போன வாரம் கடுகு ஒரு பையனின் கையைக் கடித்துவிட்டாள். இன்னொரு புகார் வந்தால் வேனுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கடிபட்டவனின் அப்பா, “ஊர்ப் பிள்ளைங்கள மேய்க்கத் தெரியுது, சொந்தப் பிள்ளைய மேய்க்கத் தெரியலையே அக்கா,” என்று சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்று பாத்திரம் கழுவும்போது கணவன் ஆரம்பித்தான். “உன் வளர்ப்புதான். விட்டுக் குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்ட.”

“பெரியவன யாரு வளத்தா? பக்கத்து வீட்டுக்காரியா?”

“அவன் பொறந்ததே அப்படி.”

“அவன் நல்லவனா இருந்தா பிறவி. இவ கடிச்சா என் வளர்ப்பா?”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் காலை சிக்னலில் வேன் நின்றது. புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண் பின் சீட்டில் அம்மா வேண்டும் என்று விசும்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கடுகு. எங்கே கையை வைத்துவிடுவாளோ என்று வேன் அக்கா கண்ணாடியில் கண்ணை நட்டிருந்தாள்.

“எங்க அம்மாகிட்ட உக்காரணுமா?” கடுகு ஆறுதலாகத்தான் கேட்டாள். “அப்ப யாரையாச்சும் கிள்ளு. நல்லாக் கிள்ளணும், அவங்க கத்தணும். அப்பதான் அம்மா முன்னாடி கூப்பிடும்.”

பச்சை விழுந்தது தெரியாமல் வேன் அக்கா உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஹாரன்கள் கத்தின.

அன்று முழுக்க அதே நினைப்பு. காலையில் வேன், மத்தியானம் மறுபடி வேன், நடுவில் அடுப்பு. கடுகு அமைதியாக இருக்கும் நேரம்தான் வேலை முடிக்கும் நேரம். நின்று முகம் பார்த்துப் பேசியதெல்லாம் திட்டும்போது மட்டும்தான். பெரியவனுக்கும் இதே கதைதான். அவன் ஒன்றும் கேட்டதில்லை. இவள் கேட்கத் தெரிந்தவள்.

அடுத்த நாள் கிளம்பும்போது முன் கதவைத் திறந்துவைத்தாள். “வாடி, இங்க உக்காரு.”

கடுகு அசையவில்லை. “நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே.”

“தெரியும். சும்மாதான்.”

ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில், “எப்பம்மா திட்டுவ?” என்றாள்.

“திட்டல.”

பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு வீறிடல். “அக்கா, இந்தப் புதுசு கிள்ளுறா!” கிள்ளுபட்டது கடுகிடம் கடிபட்ட அதே பையன். நேற்றைய பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

வேன் ஓரமாக நின்றது. கடுகு பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். “நான் எந்திரிக்கணுமா?”

“நீ இரு,” என்று சாவியை எடுத்துக்கொண்டு வேன் அக்கா தானே பின்னால் போனாள். பையனின் கையைத் தடவிவிட்டாள். கிள்ளியவள் வேன் அக்காவின் சட்டையைப் பிடித்துத் தேம்பினாள். அவளை விலக்க முடியவில்லை.

நிமிர்ந்தபோது முன்னால் தொங்கிய கண்ணாடியில் இரண்டு கண்கள். கடுகு இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இறுகத் தொடங்கியிருந்தது.

“இதோ வந்துட்டேன், கடுகு,” என்றாள். கடுகு கத்துவதற்கு முன்பே இதை எப்போதாவது சொல்லியிருக்கிறோமா என்று யோசித்தாள். சட்டையைப் பிடித்திருந்த புதியவளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள்.