நான் முனகிக் காட்டிய நாள்

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, ஊர்க்கதை எல்லாம்? வேற வேலை இல்லையோ? சரி, கேளுங்கோ.

லண்டனில் பிள்ளைப்பேற்று வார்டில் தேத்தண்ணி கொடுப்பது என் வேலை. அன்று பிள்ளை பெற்றிருந்த ஒரு கறுப்பினப் பெண், வயிறு தாங்க முடியாமல் வலிக்கிறதென்று என் கையைப் பிடித்தாள். போய் நர்ஸிடம் சொன்னேன். அவளும் யாழ்ப்பாணத்துப் பெட்டைதான்.

“இந்தக் கறுப்புச் சனம் எந்த நோவும் தாங்குவினம் அன்ரி. சும்மா சத்தம் போடுறா.”

நானும் பகிடிக்கு அந்தப் பெண்ணைப் போலவே முனகிக் காட்டினேன். அங்கிருந்த நர்ஸ்மார் எல்லாரும் சிரித்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க அவளிடம் திரும்பிப் போனால், படுக்கை முழுக்க இரத்தம். ஓடி வந்து கத்தினேன்.

“இந்த முறை இன்னும் திறமா நடிக்கிறியள் அன்ரி!” என்றாள் நர்ஸ்.

என் கையிலிருந்த இரத்தத்தைக் கண்டபிறகுதான் ஓடினாள். அந்தப் பெண் பிழைத்தாள். கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

பின்னேரம் வெம்பிளியில் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் வழக்கம்போல, “இண்டைக்கு வார்டில என்ன பகிடி?” என்று கேட்டார்.

“இண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை” என்றேன்.