சூறைக்குருவிகள் கிளம்பும் மாதம்: மும்பையில் இரண்டு காலைகள்

பறவை பார்க்க மும்பைக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "அங்க காக்காயத் தவிர என்ன இருக்கும்?" என்றார் கணவர். போன பிப்ரவரிக் கடைசியில், ஒரு சனி ஞாயிறைக் குறிவைத்துக் கோவையில் ரயில் ஏறினேன். நான் கிளம்பியதற்குக் காரணம் ஒரு குரல்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இசக்கி. தாராவியில் கணவரோடு சின்னத் தையல் பட்டறை நடத்துகிறாள். பறவை பார்க்கும் தமிழர்கள் சிலர் போனில் வைத்திருக்கும் குழுவில்தான் எங்களுக்குப் பழக்கம். படித்தது இந்திப் பள்ளி என்பதால் அவளுக்குத் தமிழில் எழுத வராது. எல்லாம் குரல் செய்திதான். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பருவத்தில் ஒரு பறவையை முதலில் காண்பவர் விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. பறவைச் சத்தத்தைப் பத்து விநாடி பதிந்து, கடைசியில் இடத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். மற்றவர்கள் போட்டது போட்டபடி கிளம்பி ஓடுவார்கள். சூறைக்குருவியை எப்போதும் முதலில் அனுப்புவது இசக்கிதான்.

சூறைக்குருவி மைனாவுக்குச் சொந்தம். உடம்பு ரோஸ் நிறம், தலையும் சிறகும் கறுப்பு. குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிட்டு, வசந்தம் தொடங்கும்போது மத்திய ஆசியாவுக்குத் திரும்பும். கிளம்பும் முன் இலை உதிர்ந்த இலவ மரங்களில் கூட்டமாக இறங்கித் தேன் குடிக்கும். அப்போது அவை போடும் கூச்சல் இருக்கிறதே, கல்யாண மண்டபத்தில் முதல் பந்திதான்.

ஜனவரியில் இசக்கி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். அவள் கண்ணில் பக்கப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறதாம். மங்கிய வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிவதில்லையாம். மருத்துவர் மருந்து இல்லை என்றுவிட்டார். "பைனாகுலரக் கழட்டினாலும் மாட்டுன மாதிரியே இருக்குக்கா," என்று அவளே சிரித்தாள். "குரூப்ல யார்ட்டயும் சொல்லிராதீங்க. இந்த வருசம் வாங்க, சூறைக்குருவியச் சேந்து பாத்துருவோம்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே டிக்கெட் போட்டேன்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் அறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். சனிக்கிழமை ஐந்தரை மணி லோக்கல் ரயிலில் ஒரே ஸ்டேஷன் தள்ளி சயான். டிக்கெட் ஐந்து ரூபாய். அங்கிருந்து தாராவிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. பாவ் ரொட்டி மூட்டைகளைக் கட்டிய சைக்கிள்களும் இட்லி ஆவியும் எனக்கு முன்னே சந்துக்குள் போயின. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். காபி குடிக்காமல் என்னைப் பறவையே கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இசக்கியின் பட்டறைக்கு மேலே மொட்டை மாடி; இரும்பு ஏணியில் ஏற வேண்டும். சாலைக்கு அந்தப் பக்கம், முன்பு குப்பைமேடாக இருந்து இப்போது காடாகிவிட்ட பூங்காவின் மரங்கள் பனிமூட்டத்தில் மிதந்துகொண்டிருந்தன. ஊர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத வெளிச்சம். இசக்கி சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"கேக்குதாக்கா? வந்துட்டு!"

கேட்டது. கீச்சுகீச்சென்று விடாத கூச்சல். அவள் போனை உயர்த்திப் பத்து விநாடி பதிந்து, "தாராவி" என்று சொல்லி அனுப்பினாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முக்கால் மணி நேரத்தில் மாட்டுங்காவிலிருந்து ஹரி வந்துவிட்டார். வங்கி அதிகாரி, குழுவில் எல்லோருக்கும் முன்னோடி மாதிரி. ஸ்கூட்டரிலிருந்து கேமராவையும் அதன் முக்காலியையும் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏணி ஏறினார். அதற்குள் நன்றாக விடிந்திருந்தது. மரங்களில் காக்கையைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் கூச்சல் மட்டும் மூச்சு விடாமல் வந்தது. ஹரி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையைக் காட்டினார். பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின். புதிதாக வைத்திருக்கிறார்கள், அதன் பெல்ட்தான் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"பரவால்ல, யாருக்கும் வரும்," என்றார் ஹரி. இறங்கும்போது திரும்பி, "இனிமே பாத்துட்டுப் போட்டா நன்னாருக்கும், இசக்கி. நாலு பேருக்குச் சனிக்கிழமையும் ஆபீஸ் இருக்கோன்னோ," என்றார். மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கு அவள் கண்ணைப் பற்றித் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. குழுவில் ஆளாளுக்குச் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இசக்கி காலால் துழாவித் துழாவி ஏணிப் படிகளைக் கண்டுபிடித்து இறங்கினாள். கீழே வந்ததும், "குரூப்ப விட்டுப் போயிரலாம்னு பாக்கேன்க்கா," என்றாள். "பாத்துட்டுப் போடணும்னா, நான் என்னத்தப் போட?"

அவளை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போய்க் காபி வாங்கிக் கொடுத்தேன். (இரண்டு காபி, இரண்டு பிளேட் இட்லி, 210 ரூபாய். காபிக்காகவே ஒரு தரம் போகலாம்.) மாலையில் செம்பூர் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் மாஹுல் படகுத்துறைக்குப் போனோம், 95 ரூபாய். கடல் வற்றிய சேற்றில் பூநாரைகள் தூரத்தில் ஒரு ரோஸ் கோடாக நின்றன. எண்ணெய் ஆலை வாசனை, மெல்லிய புகை, அதற்குள் அந்தக் கோடு மெதுவாக அசைந்தது. நான் நின்றுகொண்டே கனவு கண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பறவ வந்த நாளு நமக்குத் தெரியும்லாக்கா," என்றாள் இசக்கி. "போற நாளுதான் தெரியாது. நாலு நாள் காணலன்னாத்தான், அட அன்னைக்குப் பாத்ததுதான் கடைசியான்னு தோணும். என் கண்ணும் அப்படித்தான் போவும்போல." நான் அவள் தோளில் கை வைத்தேன். அதற்கு மேல் அந்த மாலையைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை சயானில் அவளோடு சேர்ந்து, குர்லாவில் மாறிச் செம்பூர். அங்கே ஒரு பழைய குடியிருப்பு வாசலில் பெரிய இலவ மரம் நிற்கிறது. ஒரு இலை இல்லை, மரம் முழுக்கச் சிவப்புப் பூ. கீழே விழுந்த பூக்கள் காலில் மெத்தென்று மிதிபட்டன. கிளையில் இரண்டு மைனாக்கள், ஒரு தேன்சிட்டு, அவ்வளவுதான். இன்னும் வெயில் வரவில்லை. குடியிருப்புக்குப் பின்னாலிருந்து இரைச்சலாக ஒரு சத்தம் மட்டும் வந்தது. முந்தின மாலை ஆட்டோவில் வரும்போது அந்தத் தெருவில் மாவு மில் போர்டைப் பார்த்திருந்தேன்.

"மில்லு ஓடுது போல," என்றேன்.

இசக்கி தலையைச் சாய்த்தபடி நின்றாள். "மில்லாத்தான் இருக்கும்க்கா," என்றாள்.

டீ குடித்துவிட்டு வரலாம் என்று தெருமுனைக்குப் போனோம். டீக்கடைக்கு அடுத்த கதவுதான் மில். ஷட்டர் இறங்கிப் பூட்டுத் தொங்கியது. "சண்டே கோ சக்கி பந்த் ரஹ்தா ஹை, மேடம்," என்றார் டீக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவாம்.

டீயை அப்படியே வைத்துவிட்டு இசக்கியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மரத்தில் பூவை விடக் குருவி அதிகமாக இருந்தது. ரோஸ் உடம்புகள் சிவப்புப் பூக்களுக்குள் தலையை விட்டு விட்டு எடுத்தன. மகரந்தம் பட்டு மூஞ்சியெல்லாம் மஞ்சள். வெயில் முதல் கிளையில் விழுந்ததும் மரமே பற்றிக்கொண்டது போல் இருந்தது.

"எனக்கு அப்பமே தெரியும்க்கா," என்றாள் இசக்கி.

"தெரிஞ்சுமா மில்லுன்னு சொன்ன? ஏன்டி?"

"பாத்துட்டுச் சொல்லணும்லா."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவளை மரத்துக்கு நேராக நிறுத்தி, முகத்தைப் பிடித்துத் தாழ்ந்த கிளைப் பக்கம் திருப்பினேன். அசையாமல் பார்த்தாள். "ஒன்னே ஒன்னு தெரியுதுக்கா. பூவுக்குள்ள முங்கிக் கெடக்கு. தல முடி சிலுத்துகிட்டு இருக்கு." நான் நூற்றுக்கணக்கில் பார்த்தேன், ஆனால் அந்தத் தலைமுடியைக் கவனிக்கவில்லை.

பத்து விநாடி பதிந்து, "செம்பூர்" என்று அனுப்பினாள். பதில் ஹரியிடமிருந்து வந்தது: "மெஷின் இல்லியே?" கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, நான் என் போனில் சூடாக எழுதத் தொடங்கினேன். இசக்கி என் கையைத் தள்ளிவிட்டு வழக்கத்தை மீறிப் பேசினாள்: "ஹரி சார், எனக்குக் கண்ணு மங்கிகிட்டே வருது. இனி நான் கேட்டுத்தான் போடுவேன். சில நேரம் மெஷினாவும் இருக்கும். நம்புதவங்க வாங்க."

குழுவில் ஹரிதான் முதலில் கேட்டார்: "எந்த கேட்? இதோ வரேன்."

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை போங்கள். பூநாரைக்குக் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் பறவைகள் நகர்ந்துவிடும். ஞாயிறு பகலில் பராமரிப்புக்காக, செம்பூர் போகும் ஹார்பர் லைன் ரயில்கள் அடிக்கடி நிற்கும், விடியும் முன்பே போய்விடுங்கள். உள்ளூரில் சுற்ற இரண்டு நாளைக்கு எனக்கு ஆன செலவு, அறை நீங்கலாக, ஆயிரத்துக்குள். குடியிருப்பு வாசலில் காவலாளியிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள். பைனாகுலர் இல்லை என்று தள்ளிப் போடாதீர்கள். மரத்தடிக்குப் போனதும் முதலில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

ஹரி வந்து சேர்ந்தபோது கூட்டம் எழும்பிவிட்டது. கட்டடங்களுக்கு மேலே ஒரு முறை சுழன்று, வடக்கே திரும்பி, என் கண்ணுக்கு ஒரு புள்ளியாகி மறைந்தது. இன்ஜின் ஓட, ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே அவர் கேட்டார்: "போயிடுத்தா?"

"போயிடுச்சு சார்," என்றேன்.

இசக்கி முகத்தை வடக்கே வைத்துக் கையை உயர்த்தினாள். "இல்ல சார், இன்னும் கேக்கு."

ஹரி ஸ்கூட்டர் இன்ஜினை அணைத்தார்.