கோசலாவின் ஏழாம் விதி

“மலைநாட்டுக் கறுப்பன்?”

“இன்னும் வரல்ல.”

“ஒற்றைக்கண் செபமாலை?”

“இன்னும் வரல்ல.”

இடாப்பு வாசிக்கிற வாத்தியாரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, தகரப் பேணியிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் கூப்பிடுகிறாள் கோசலா. கூப்பிடப்படுகிறவர்கள் யாரும் ஊரில் இல்லை. விளையாட்டில் பிறந்து விளையாட்டிலேயே காணாமற்போனவர்கள். மொத்தம் ஐந்து பேர். எதிரே இருக்கிற இருவரும் ஐந்து தடவையும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். இதில் அவளோடு வாதாடிப் பார்த்தவர்கள் எல்லாரும் களைத்துப் போனார்கள்.

இடம், முந்தலுக்கு அப்பால் களப்போரத்து இறால் பண்ணையின் தீன் களஞ்சியம். நேரம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித் தீன் போட்டு முடிந்த பிறகு. தீன் மூட்டைகளின் மேல் பழைய கதவொன்றைக் கிடத்தினால் மேசை தயார். கோசலா உடப்புக்காரி, வயது நாற்பத்தொன்று. பண்ணையில் தண்ணீரின் உப்பளந்து குளத்தங்கரைப் பலகைகளில் எழுதுவது அவள் வேலை. எதிரே இருப்பவர்களில் ஜூலியானா இறால் தரம் பிரிக்கிறவள். ஸுஹைப் தீன் லொறிச் சாரதி. மன்னாரிலிருந்து தொண்ணூறில் துரத்தப்பட்டு வந்த குடும்பம், பிறந்தது புத்தளத்தில்.

விளையாட்டு இதுதான். கோசலா ஒரு குகையைச் சொல்வாள். மற்ற இருவரும் ஆளுக்கொரு வாள்வீரனாகவோ வைத்தியச்சியாகவோ மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். தப்பினார்களா இல்லையா என்பதை எண் சொல்லும்; பெரிய எண் காப்பாற்றும், சின்ன எண் மாட்டிவிடும். அதற்குத் தாயக்கட்டை உருட்டுவதுதான் உலக வழக்கம். ஸுஹைப் முதல் நாளே கையை இழுத்துக்கொண்டான். “தாயக்கட்டைய நான் தொடமாட்டன் அக்கா, எங்கட மார்க்கத்தில கூடாது. என்ட வாப்பா கண்டா வீட்டுக்குள்ள எடுக்கமாட்டார்.” அவனுக்கு மட்டும் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம். கோசலா அன்றே இருபது சோடா மூடிகளில் எண் எழுதி ஒரு துணிப்பைக்குள் போட்டாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் மூடிதான். விதிகளுக்கென்று அவள் வைத்திருக்கும் கொப்பியில் முதலாம் விதி அது: “ஒரு மேசை. ஒரு பை.”

அந்தக் கொப்பியின் பிறப்பே தனிக் கதை. பண்ணைக்கு வருமுன் கோசலா கற்பிட்டியில் வெள்ளைக்காரர்கள் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வந்து தங்கும் விடுதியொன்றில் அறை துடைத்தாள். யாரோ கட்டிலுக்கடியில் விட்டுப்போன, இந்த விளையாட்டின் விதிகளைச் சொல்லும் ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் அவள் கைக்கு வந்தது. பாதி, உப்புத் தண்ணீரில் ஊறி ஒட்டிப்போயிருந்தது. அகராதியும் கையுமாக மூன்று மாதம் மல்லுக்கட்டி, வாசிக்க முடிந்ததைத் தமிழில் எழுதினாள். ஒட்டிப்போன பக்கங்களில் என்ன இருந்தது என்று தெரியாது. பூட்டிய கதவுக்கு என்ன சட்டம்? தண்ணீரில் விழுந்தால் என்ன நடக்கும்? ஆள் எப்போது சாகிறான்? தெரியாதென்று விட்டுவிடுகிற பிறவியா அவள்? தானே எழுதினாள்.

எழுதிய விதம் பண்ணைப் பலகை விதம். “எட்டாம் குளம். உப்பு அதிகம். தீன் போடாதே” என்று தினமும் எழுதுகிற கைக்கு வேறு நடை வராது. “விதி மூன்று. விளக்கு ஆறு தடவை. பிறகு இருட்டு. அழுது பிரயோசனம் இல்லை.” “விதி ஐந்து. இடுப்புக்கு மேல் தண்ணீர் என்றால் இரும்புச் சட்டையைக் கழற்று. கழற்றாவிட்டால் என்னைக் கேட்காதே.” இப்படியே நாற்பத்திரண்டு விதிகள், தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி முழுக்க.

ஏழாம் விதி மட்டும் கொஞ்சம் நீளம். “உடல் கிடைக்காதவர் செத்தவர் இல்லை. பெயரை வெட்டாதே. தாளைக் கிழிக்காதே. ஒவ்வொரு முறையும் கூப்பிடு. தேடப் போகிறவர் போகலாம். தடுக்காதே.”

இதை வைத்து அவளை இளகின மனசுக்காரி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஜூலியானாவின் வைத்தியச்சி எல்லார் கண்முன்னாலும் பூதத்திடம் அடிபட்டு விழுந்தபோது, ஜூலியானா உண்மையாகவே அழுதாள். “இன்னொரு மூடி எடுக்கட்டா அக்கா?” என்று கெஞ்சினாள். “கண்டாச்சு. செத்தாச்சு. எடுத்துப் புதைங்க” என்றாள் கோசலா. காணாமற்போனால்தான் பேணி. தேடிப் போய் மீட்டதும் உண்டு. ஸுஹைபின் வாள்வீரன் பதினான்கு மாதத்துக்குப் பிறகு ஒரு கையில்லாமல் திரும்பி வந்தான். அன்றைக்குக் களஞ்சியத்தில் நடந்த கூத்தைக் கேட்டுக் காவற்காரர் ஓடி வந்தார்.

கோசலாவின் தம்பி தவசீலன் இரண்டாயிரத்தேழு ஐப்பசியில் நான்கு பேரோடு கடலுக்குப் போனான். படகும் வரவில்லை, பலகைத் துண்டுகூட வரவில்லை. யுத்தம் முடிந்து இரண்டு வருடத்தில் மற்ற நான்கு வீட்டாரும் மரணப் பத்திரம் எடுத்தார்கள். அவர்களை அவள் ஒரு சொல் குறை சொன்னதில்லை. ஆனால் வருடாவருடம் வீட்டுப் பட்டியல் எழுத வருகிறவரிடம், “தவசீலன், தொழில் கடல்” என்று அவளே சொல்லி எழுதுவிப்பாள். ஒருமுறை அவர் பேனையை மூடிவிட்டு, “பிள்ளை, இன்னும் எத்தினை வருஷத்துக்கு?” என்று கேட்டார். “பேனைய திறங்க ஐயா” என்றாள். திறந்தார்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு கிரிசாந்த் வந்தான். சிலாபத்துப் பையன், கொழும்பில் கணினி வேலை. இதே விளையாட்டுக்கு அங்கே ஒரு கழகம் நடத்துகிறான். ஜூலியானா முகநூலில் போட்ட கொப்பிப் படங்களைப் பார்த்து, புத்தகமாக அச்சடிக்கலாம் என்று எழுதியிருந்தான். அட்டையில் கோசலாவின் பெயர். மூன்று கிழமையாக அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பண்ணையில் சொல்லாத ஆளில்லை. கொப்பிக்குப் புது உறையும் போட்டாள்.

அவன் கொண்டுவந்த தட்டச்சுப் பிரதியை வாசித்தபோது முகம் மெல்லச் சுருங்கியது. விளக்கைப் பற்றிய மூன்று வரி, “விளக்கின் ஒளியானது ஆறு தடவைகளுக்கு மேல் நீடிக்காது என்பதை விளையாடுவோர் கருத்திற்கொள்ளல் வேண்டும்” என்று ஆகியிருந்தது.

“தம்பி, நான் இப்பிடி எழுதினா, வாசிச்சு முடிக்க முதல் இறால் எல்லாம் செத்துப்போகும்.”

என்றாலும் அச்சு ஆசை யாரை விட்டது? பேரம் பேசி, தன் வரிகளில் முக்கால்வாசியைத் திரும்பப் பிடித்தாள். “அழுது பிரயோசனம் இல்லை” என்பதைக்கூட, பெருமூச்சோடு, எடுக்கச் சம்மதித்தாள். ஏழாம் விதிக்கு வந்தார்கள். பிரதியில் ஆறுக்குப் பிறகு எட்டு இருந்தது.

கிரிசாந்த் கெட்டவன் அல்ல. பக்குவமாகவே சொன்னான். “அக்கா, சாவுக்குப் பயம் இல்லாட்டி இந்த விளையாட்டில ருசியில்ல. ஆபத்து வந்தா எல்லாரும் தண்ணியில குதிச்சு, காணாமப்போயிட்டன் எண்டுவாங்க.” பையிலிருந்து அந்த ஆங்கிலப் புத்தகத்தின் புதுப்பிரதியை எடுத்து, அவளுக்கு ஒட்டிப்போயிருந்த பக்கத்தை விரித்துக் காட்டினான். உயிர் எண் பூச்சியத்துக்கு வந்தால் ஆள் செத்தான், புது ஆளை எழுது. இரண்டே வரி. “இதுதான் அக்கா உண்மையான விதி.”

கோசலா அந்த இரண்டு வரியையும் விரலை வைத்து வாசித்தாள். ஐந்து வருடமாகத் தெரியாமலிருந்த பக்கம். பிறகு புத்தகத்தை மூடி அவன் பக்கம் தள்ளினாள்.

“இது அவங்கட வீட்டு விதி. ஏழாவது எங்கட.”

“அது இருந்தா கழகம் அச்சடிக்காது அக்கா.”

“அப்ப அடிக்க வேணாம்.” கொப்பியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். “அழுது பிரயோசனம் இல்லை எண்டதையும் திருப்பித் தாங்க. நீங்க வெட்டினது எல்லாம் எனக்கு வேணும்.”

ஜூலியானா பிளேன்டீ ஊற்றினாள். ஸுஹைப்தான் வாய் திறந்தான். “பஸ்ஸுக்கு இன்னம் ரெண்டு மணித்தியாலம் இரிக்கு. சும்மா குந்தி என்ன செய்ற? ஒரு ஆட்டம் போடுங்க.”

கிரிசாந்த் ஒரு வில்லாளியை எழுதினான். இளமாறன் என்று பெயர், இரும்புச் சட்டை, எல்லாம் நேர்த்தி. பெயர் கூப்பிடும்போது மரியாதைக்கு அவனும் “இன்னும் வரல்ல” என்றான். ஒரு மணி நேரத்தில் குகைக்குள் கறுப்புத் தண்ணீர் ஓடுகிற இடத்துக்கு வந்தார்கள். கயிற்றைப் பிடித்துக் கடக்கலாம். ஜூலியானாவும் ஸுஹைபும் ஏதேதோ கழற்றி மூட்டை கட்டினார்கள். கிரிசாந்த் இரும்புச் சட்டையைக் கழற்றவில்லை. ஐந்தாம் விதியின் இலக்கணத்தைத் திருத்தினவனுக்கு விதி ஞாபகமில்லை. பைக்குள் கைவிட்டான். இரண்டு.

“கயிறு நழுவுது. தண்ணி இழுக்குது. கறுப்பா இருக்கு, ஒண்டும் தெரியல்ல” என்றாள் கோசலா.

அவன் சிரித்துவிட்டான். “சரி, ஆள் முடிஞ்சுது” என்று சொல்லி, பழக்க தோஷத்தில் பேனையை எடுத்து இளமாறன் என்ற பெயரின் முதல் எழுத்தின் மேல் வைத்தான்.

கோசலா அந்தத் தாளைப் பேனைக்கடியிலிருந்து இழுத்தெடுத்தாள். மடிந்திருந்த மூலையை நகத்தால் நீவினாள். பேணியைத் திறந்து, மற்ற ஐந்துக்கும் மேலே அதை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள். பிறகு கொப்பியிலிருந்து ஒரு வெறுந்தாளைக் கிழித்து அவன் முன்னால் போட்டாள்.

“புது ஆள எழுதுங்க தம்பி. தேடப் போகலாம்.”