இரண்டு பேருக்கு ஒரு ஸ்லிப்பர் கிளட்ச்

என் ஸ்போர்ட்ஸ் பைக் பழைய மாடல். எங்கள் ஊர் ஸ்டேஷனான ஊரிகத்தில் அதை நிறுத்திவிட்டு ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவனுக்கு அத்தனை பெரிய வண்டி தேவையே இல்லை. அது உண்மையில் ஓடுவது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். என் மனைவிக்குத் தாய்வீடு குடியாத்தம். வி.கோட்டா தாண்டி, பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறங்கிப் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பின்னால் உட்காரவைத்து அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போன வருடம் அவள் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. காலையில் தூறியிருந்தது. மலையில் ஒரு வளைவில் எதிரே ஏறி வந்த பஸ் எங்கள் பக்கத்தையும் சேர்த்து அகலமாகத் திரும்பியது. பதற்றத்தில் ஒரேயடியாக இரண்டு கியர் குறைத்து, கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். பின்சக்கரம் தடதடவென்று துள்ளி வண்டியைக் குறுக்கே இழுத்தது. அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் வந்து மோதியது. பஸ் உரசாமல் போய்விட்டது. நாங்கள் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றோம். விழவில்லை.

அவள் இறங்கினாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, தலையில் ஹெல்மெட்டோடு நடக்க ஆரம்பித்தாள்.

“ஏறும்மா, மெதுவா போறேன்” என்றேன்.

“நீங்க போங்க. நான் நடந்துக்கினே வர்றேன்.”

இரண்டு வளைவு வரை நடந்தாள். நான் வண்டியை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே போனேன். பிறகு பேரணாம்பட்டு வரைக்கும் மட்டும் ஏறிக்கொண்டாள். அங்கே இறங்கி குடியாத்தம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டாள். அந்த பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டே நான் பின்னால் போனேன். கையில் ஹெல்மெட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்து, “வண்டி ரிப்பேரா?” என்று கேட்டார் மாமியார்.

“வண்டி நல்லாத்தான் இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அவள் பைக்கில் ஏறவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்தான் ஸ்லிப்பர் கிளட்ச் பற்றிச் சொன்னார். வேகமாகப் போகும்போது சட்டென்று கியரைக் குறைத்தால் என்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிடி அதிகமானால் சக்கரம் துள்ளும். இந்த கிளட்ச் அந்த நேரத்தில் தானே கொஞ்சம் நழுவிக் கொடுத்துப் பிடியைத் தளர்த்தும். அதே வண்டியின் அடுத்த மாடலில் கம்பெனியே போட்டு விற்கிறது. அந்தப் பாகங்கள் என் வண்டிக்கும் பொருந்தும்.

“ஊருக்குள்ள தனியா ஓட்டிக்கினு இருக்கிறவங்களுக்கு இது வீணுண்ணா. டபுள்ஸ் போட்டுக்கினு மலை எறங்குறீங்கன்னா போடலாம்” என்றார்.

வீட்டில் சொன்னேன்.

“இன்னா கிளட்ச்? செருப்பா?” என்று கேட்டாள். பிறகு, “சாவி குடுங்க” என்றாள்.

குடியாத்தத்தில் அண்ணன் பைக்கில் கியர் ஓட்டப் பழகியவள் அவள். தங்கச் சுரங்கத்துக் கழிவு மண் மலைபோல் குவிந்திருக்கும் சயனைடு மேட்டுப் பக்கத்துக் காலி இடத்துக்குப் போனோம். அவள் ஓட்டினாள், நான் பின்னால். அந்த சீட்டில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவள் கியர் குறைக்கும் ஒவ்வொரு முறையும் அவள் முதுகில் போய் விழுந்தேன். எது எப்போது வரப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய பயமாக இருந்தது.

“இப்ப தெரியுதா?”

“தெரியுது.”

“உங்க செருப்பு கிளட்ச் இதுக்கு இன்னா பண்ணும்?”

“கொஞ்சம் கம்மி பண்ணும்.”

“கொஞ்சம்தானா?”

“மீதிய நான்தான் பண்ணணும்.”

வண்டியை நிறுத்திச் சாவியை என் கையில் கொடுத்தாள். “அப்ப போடுங்க” என்றாள்.

மெக்கானிக் ஆயிலை வடித்து, வலதுபக்க மூடியைக் கழற்றி, பழைய கிளட்சை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். முதலில் தெரிந்த வித்தியாசம் இடது கைக்குத்தான். கிளட்ச் பிடிக்க முன்னைப்போல் பலம் வேண்டியிருக்கவில்லை. அடுத்த ஞாயிறு தனியாக மலைக்குப் போனேன். ஆளில்லாத நேரான இறக்கத்தில் வேண்டுமென்றே இரண்டு கியர் குறைத்தேன். லீவரில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். சக்கரம் துள்ளவில்லை. ஆனால் என்ஜின் முன்னைப்போல் இழுத்துப் பிடிக்காததால் வண்டி நான் நினைத்த இடத்தைத் தாண்டி ஓடியது. அடுத்த வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பழக அன்று காலை முழுவதும் ஏறி இறங்கினேன்.

அதன் பிறகுதான் அவளை அழைத்துப் போனேன். இறங்கும்போது என் தோளில் இருந்த அவள் கை முதலில் கல்லாக இருந்தது. பாதி மலையில் கொஞ்சம் இளகியது. பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் வேகத்தைக் குறைத்து, “பஸ்ஸா?” என்று கேட்டேன்.

“நேரா போங்க, வெயில் ஏறுது” என்றாள்.

ரயிலில் என்னோடு வருகிறவர்கள் சிலர் ஸ்லிப்பர் கிளட்ச் போட வேண்டியதுதானா என்று கேட்கிறார்கள். யாரைப் பின்னால் உட்காரவைத்து எந்த வழியில் போகிறீர்கள் என்று முதலில் விசாரிக்கிறேன். பெரும்பாலானவர்களிடம், அதற்கு முன்னால் தேய்ந்துபோன பின்சக்கர டயரை மாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.